வலி இல்லை என்று எழுதினேன்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "மேடம், நம்ம காலேஜ் நாட்களைப் பற்றிச் சுவையாக ஏதாவது எழுதுங்க" என்றுதான் சொன்னார்கள். ஹாஸ்டல் சாம்பாரும், வார்டனுக்குத் தெரியாமல் போன ராத்திரி ஷோவும், மாவு பொம்மைக்கு ஊசி போட்டுப் பழகிய கதையும் என்னிடமும் உண்டு. ஆனால் இந்த மலரில் எனக்கு முன்னால் எழுதியவர்கள் அதையெல்லாம் என்னைவிட நன்றாகவே எழுதியிருப்பார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலாக மாணவிகளுக்கு உடல் பரிசோதனைப் பாடம் நடத்தியவள் நான். அந்தப் பாடத்தின் சரித்திரத்தில் நம் கொல்லிமலைக்கும் ஓர் இடம் உண்டு. அதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. எழுத உட்கார்ந்த பிறகுதான், அதை எழுதினால் என்னுடைய ஒரு பழைய தப்பையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்தது.

பார்த்தல், தொட்டறிதல், தட்டிப் பார்த்தல், கேட்டல். முதல் வருஷத்தில் நாம் தலைகீழாக ஒப்பித்த நாலு முறைகள் இவை. தட்டிப் பார்க்கும் முறையை 1761ல் எழுதி வெளியிட்டவர் ஆவன்புருகர் என்ற ஆஸ்திரிய நாட்டு டாக்டர். அவருடைய அப்பா சத்திரம் நடத்தியவர். பீப்பாயில் சாராயம் எவ்வளவு இருக்கிறது என்று தட்டிப் பார்க்கிற பழக்கத்தைப் பையன் நெஞ்சுக்கூட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். நம்ம வீட்டுப் பெண்கள் சந்தையில் பானையைத் தட்டி வாங்குவதில்லையா, அதேதான். 1816ல் பாரிஸில் லேனெக் ஒரு காகிதக் கட்டைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் அப்படிப் பிறந்தது. நம் சித்த வைத்தியர்கள் எண்வகைத் தேர்வு என்று எட்டு வைத்திருந்தார்கள்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் இரண்டாவதாக நிற்கிற ஸ்பரிசத்தைக் கவனியுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியதுதான்.

நாம் படித்த எண்பதுகளின் கடைசியில் நர்ஸ் ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டது பெரும்பாலும் பி.பி. பார்க்கத்தான். மார்பில் வைத்துக் கேட்டால், "என்னம்மா, டாக்டர் ஆயிட்டியா?" என்று கேலி வரும். டயக்னோசிஸ் என்ற சொல் டாக்டருடையது, அப்சர்வேஷன் என்ற சொல் நம்முடையது என்று ஒரு பாகப்பிரிவினை. வெளிநாட்டில் அந்த வேலி முன்பே உடைய ஆரம்பித்துவிட்டது. 1965ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். 1973ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நர்ஸிங் டயக்னோசிஸ் என்றே மாநாடு கூட்டினார்கள். 1974ல் வந்த பார்பரா பேட்ஸின் உடல் பரிசோதனைப் புத்தகம் பிறகு நம் லைப்ரரி வரைக்கும் வந்து சேர்ந்தது. ஒரே ஒரு பிரதி, அதுவும் பீரோவுக்குள்ளே. சாவி லைப்ரேரியனிடம்.

அந்தப் பீரோப் புத்தகத்தை நான் ஒழுங்காகப் படித்திருந்தால் என்று பிறகு பலமுறை நினைத்ததுண்டு.

1991. படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. தப்பு என்னுடையது, கட்டடத்தினுடையது அல்ல. ஆண்கள் சர்ஜிகல் வார்டில் நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வடக்கே ஓட்டுகிற வண்டி, போய்த் திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள். அந்தக் கால லாரிகளில் இன்ஜின் மேடு கேபினுக்குள்ளேயே டிரைவருக்கு இடது பக்கம் இருக்கும், சூடு அப்படியே வீசும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஓட்டுகிறவர். இடது பாதத்தின் வெளிப்பக்கம் வெந்து, கொப்புளம் உடைந்து, புண்ணாகி இருந்தது. "சூடு பட்டுருச்சுங்க சிஸ்டர்" என்றார். சூட்டுப் புண் என்று கேஸ் ஷீட்டில் ஏறியது.

தினமும் டிரஸ்ஸிங் நான்தான். நல்ல மனுஷன். மற்றவர்கள் கத்துகிற இடத்தில் இவர் அலுங்காமல் படுத்திருப்பார். கொல்கத்தாவில் சரக்கு இறக்கிய கதை, ஒடிசா பார்டரில் சீட்டு வாங்கிய கதை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் ஒட்டிய காஸைப் பிரித்துக்கொண்டிருப்பேன். "வலிக்குதாங்கண்ணா?" என்று கேட்பேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சிஸ்டர், நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க" என்பார். எனக்குப் பெருமை. நம்ம கை அவ்வளவு மென்மை என்று நினைப்பு. நர்ஸஸ் ரெக்கார்டில் அழகான கையெழுத்தில் எழுதுவேன்: "பேஷண்ட் கம்ஃபர்டபிள். நோ பெயின்." பன்னிரண்டு நாள் இப்படி எழுதினேன்.

பதின்மூன்றாம் நாள் தொழுநோய்த் திட்டத்தில் வேலை செய்த பாராமெடிக்கல் ஊழியர் ஒருவர், வேறு ஒரு நோயாளியைத் தேடிக்கொண்டு எங்கள் வார்டுக்கு வந்தார். சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர். கால்சட்டையில் கிளிப் மாட்டியபடியே வந்து நின்றார். நான் டிரஸ்ஸிங் பண்ணுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புண்ணை அல்ல, டிரைவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று பக்கத்தில் வந்து அவருடைய முழங்கையைப் பிடித்து, உள்பக்க எலும்புக்குப் பின்னால், இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே அந்த இடத்தில், விரலால் தடவினார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கடியில் கயிறு போல ஒன்று உருண்டது. இன்னொரு கையிலும் பார்க்கச் சொன்னார். அங்கே அது மெலிசாக இருந்தது. சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் உள்ளங்கை அகலத்தில் வெளிறிய படை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார். படைக்கு வெளியே தொட்டபோதெல்லாம் டிரைவர் சரியாகக் காட்டினார். படைக்குள் தொட்டபோது கை எழவே இல்லை. பாதத்திலும் அப்படியே.

எல்லாம் முடிய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கருவி என்று பார்த்தால் ஒரு துண்டுப் பஞ்சு.

அதற்குள் புண் எலும்பைத் தொட்டுவிட்டது. பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். கூட்டு மருந்துச் சிகிச்சை ஆரம்பித்தார்கள், நோய் குணமானது. ஆனால் கிளட்ச் மிதிக்கிற கால் போய்விட்டது. டிஸ்சார்ஜ் ஆகிற அன்று நான் அவரிடம் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். அவர் கோபப்படவில்லை. "வலிக்குதான்னு கேட்டீங்க, இல்லேன்னு சொன்னேன். தொட்டா தெரியுதான்னு யாரும் கேக்கலீங்களே சிஸ்டர்" என்றார். பிறகு அவர் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வாட்ச்மேனாக இருந்தார் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. போயிருக்க வேண்டும்.

இது நடந்து சில வருஷம் கழித்துத்தான் டாக்டர் பால் பிராண்டின் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. வலியைப் பற்றி அவர் 1993ல் வெளியிட்டது. முதல் பக்கங்களிலேயே தூக்கிவாரிப் போட்டது. இவர் பிறந்தது கொல்லிமலையில்! எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் வடக்கே நீலமாகத் தெரிகிற மலை. அதே மலையடிவாரத்து மனுஷர் ஒருவரிடம் நான் செய்த தப்பைப் பற்றித்தான், பெயர் சொல்லாமல், புத்தகம் முழுக்க அவர் பேசிக்கொண்டிருந்தார்.

பால் பிராண்டின் தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்திலிருந்து மிஷனரியாக வந்தவர். முதலில் சேந்தமங்கலத்தில் இருந்தார். அன்றைக்கு அது சேலம் மாவட்டம், நாமக்கல் தனி மாவட்டமானது 1997ல்தான். 1913ல் ஈவ்லின் என்ற லண்டன் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இருவரும் மலைக்குக் குடியேறினார்கள். இன்றைக்குக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு சுற்றிக் காரில் போய் இறங்கி அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு வருகிறோம். அன்று சாலை கிடையாது. காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் ராத்தங்க மாட்டார்கள். 1914 ஜூலை 17ல் பால் பிறந்தார். ஜெஸ்ஸி பிராண்ட் முழு டாக்டர் அல்ல, கொஞ்ச காலம் வைத்தியப் பயிற்சி பெற்றவர், அவ்வளவுதான். ஆனாலும் மலை மக்களுக்குப் பல் பிடுங்குவதிலிருந்து சீழ்க்கட்டி கீறுவது வரை அவரே செய்தார். நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துபோகாமல் நாள்கணக்கில் வெளியே எடுப்பதைப் பையன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். ஒரு நாள் தொழுநோயாளிகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் புண்களுக்குக் கட்டுப் போட்டார், பிள்ளைகளைக் கிட்டே வரக்கூடாது என்றார். தொட்டால் ஒட்டும் என்று எல்லாரும் நம்பிய காலம். பெருவியாதி என்று பெயர் சொல்லவே பயந்த காலம்.

1923ல் ஒன்பது வயதுப் பையனைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929ல் தகப்பனார் மலேரியாவின் கொடிய வகையான கருநீர்க் காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். தாயார் மட்டும் தளரவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பி வந்து, குதிரையில் ஊர் ஊராகப் போய், 1974ல் 95 வயதில் கண்ணை மூடினார். மலையில் கணவருடைய கல்லறைக்குப் பக்கத்திலேயே அவருடைய கல்லறையும் இருக்கிறது. ஒருமுறை என் மாணவிகளை அங்கே கூட்டிப்போனேன். பிள்ளைகளுக்குக் கல்லறையைவிட ஆகாயகங்கை அருவியில்தான் கண். தப்பு சொல்ல முடியாது, அந்த வயது அப்படி.

பால் பிராண்ட் நேராக டாக்டருக்குப் படிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் கட்டட வேலை கற்றுக்கொண்டார், கொத்து, தச்சு எல்லாம். மரத்தின் தன்மையைக் கையால் தடவித் தெரிந்துகொள்கிற பழக்கம் அங்கே வந்தது. பிறகுதான் லண்டனில் மருத்துவமும் சர்ஜரியும். 1946 கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நாட்டிலேயே முதலில் நர்ஸிங் பட்டப்படிப்பு தொடங்கிய இடங்களில் ஒன்று என்ற வகையில் அதே 1946 நமக்கும் முக்கியமான வருஷம்.

அடுத்த வருஷம் செங்கல்பட்டில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே தலைமை டாக்டர் ராபர்ட் காக்ரேன். முடங்கிப்போன விரல்களோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டி, எலும்பு டாக்டர்கள் யாரும் இந்தக் கைகளை ஆராயவே இல்லையே, ஏன் என்று கேட்டார். பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பிடித்து, தன் கையை அழுத்தச் சொன்னார். வாடிய கை, பலம் இருக்காது என்று நினைத்துத்தான் சொன்னார். இரும்புப் பிடியாக அழுத்தியது, நகம் பதிந்து பிராண்டுக்கு வலித்தது.

இங்கேதான் நான் வகுப்பில் எப்போதும் நிறுத்துவேன். "இப்ப நீங்க அந்த டாக்டர். அடுத்து என்ன கேப்பீங்க?" என்பேன். பிள்ளைகள் மருந்துப் பெயர் சொல்வார்கள். மருந்து அப்புறம். கை செத்துவிட்டது என்றால் இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? முன்கையில் இருக்கிற பெரிய தசைகள் நன்றாக இருக்கின்றன. அப்படியானால் கெட்டுப்போனது உள்ளங்கைக்குள் இருக்கிற சின்னத் தசைகள் மட்டும். அந்தத் தசைகளுக்கு எந்த நரம்பு போகிறது? முழங்கையில் அல்நார் நரம்பு, மணிக்கட்டில் மீடியன் நரம்பு. ஏன் அந்த இரண்டு இடத்தில் மட்டும்? அதற்கு விடை தெரிய இறந்துபோன ஒரு நோயாளியின் உடலை ராத்திரியோடு ராத்திரியாகச் சோதித்தார்கள். நரம்பு முழுக்க வீங்கியிருக்கவில்லை. முழங்கைக்கு மேல், மணிக்கட்டில், முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்காலில் என்று அங்கங்கே வீங்கியிருந்தது. எல்லாமே நரம்பு தோலுக்குக் கிட்டே மேலெழும்பி வருகிற இடங்கள். உடம்பில் கொஞ்சம் குளிர்ச்சியான இடங்கள். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சிதான் பிடிக்கும். ஆழத்தில் கதகதப்பாக ஓடுகிற நரம்பும் அது ஓட்டுகிற தசையும் தப்பித்துவிடும். அந்தத் தப்பித்த தசையின் நாணை எடுத்து விரலுக்குத் திருப்பிவிட்டால்? 1948 முதல் வேலூரில் அவர் செய்த அறுவைச் சிகிச்சைகள் இதுதான். ஒரு கைகுலுக்கலில் ஆரம்பித்த யோசனை.

ஆனால் கையைத் திருத்தியதைவிடப் பெரிய காரியம் வேறு என்று எனக்குத் தோன்றும். விரல் ஏன் குட்டையாகிறது, ஏன் உதிர்கிறது? நோய் வந்த சதை கெட்ட சதை, தானாக அழுகும் என்றுதான் உலகம் முழுக்க நம்பினார்கள், டாக்டர்கள் உட்பட. பிராண்ட் அறுவை செய்த காயங்களோ மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறின. அப்புறம் எப்படிக் கெட்ட சதை? ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான சின்னப் பையன் ஒருவன், "நான் திறக்கிறேன்" என்று சாவியைத் திருகித் திறந்துவிட்டான். கீழே ரத்தச் சொட்டு. பார்த்தால் விரல் எலும்பு வரை வெட்டியிருக்கிறது. பையனுக்குத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு புண்ணுக்கும் துப்பறியும் வேலை நடந்தது. கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியவர், விரலிடுக்கில் சிகரெட் சுட்டவர், செருப்பில் ஆணி குத்தியதோடு நாள் முழுக்க நடந்தவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ராத்திரியில் மட்டும் விரல் காணாமல் போவதற்குக் காரணம் தெரியவில்லை. விழித்திருந்து பார்த்தார்கள். எலி! தூங்குகிறவர் விரலை எலி கடிக்கிறது, அவர் விழிப்பதே இல்லை. அதற்கப்புறம் வீட்டுக்குப் போகிற நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பி வைத்தார்களாம்.

சதை கெட்டதல்ல, வலி போய்விட்டது, அவ்வளவுதான். வலி போனதால் காவல் போய்விட்டது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நான் பன்னிரண்டு நாள் எழுதிய "நோ பெயின்" நல்ல செய்தி அல்ல, அதுதான் நோய்க்குறி. வெந்து எலும்பு தெரிகிற காலை ஒருத்தி பிரித்துக் கழுவும்போது ஒரு மனுஷன் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றால் அதுவே ஆகப் பெரிய கண்டுபிடிப்பு. அது என் கண் முன்னாலேயே இருந்தது, நான் அதைக் கம்ஃபர்டபிள் என்று எழுதி வைத்தேன்.

பிராண்டுக்கே அந்தப் பயம் வந்ததுண்டு. இங்கிலாந்தில் ரயில் பயணம் முடித்து வந்த ஒரு ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார், தெரியவில்லை. நமக்கும் வந்துவிட்டது என்று விடியவிடியத் தவித்தார். காலையில் மறுபடி குத்தினார், சுரீர் என்றது. ரயிலில் காலை அழுத்தி உட்கார்ந்ததால் நரம்பு மரத்துப் போயிருந்ததுதான் காரணம். அந்த வலிக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னதாக எழுதியிருக்கிறார். அவருடைய மனைவி டாக்டர் மார்கரெட் பிராண்ட் கண்ணைப் பார்த்துக்கொண்டார். கருவிழியில் உணர்ச்சி போனவர் கண் இமைப்பதில்லை, அதனாலேயே பார்வை போகும். எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர் இமைக்கிறாரா என்று பார்ப்பதும் பரிசோதனைதான். ஸ்டெதாஸ்கோப்பே வேண்டாம்.

1966ல் பிராண்ட் தம்பதி அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கேதான் நம் கதை இன்னொரு பக்கம் திரும்புகிறது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பார்த்ததும் வேலூரில் பார்த்த அதே புண் என்று அவருக்குப் புரிந்தது. நோய் வேறு, உணர்ச்சி போன பாதம் ஒன்றே. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிற சின்ன அழுத்தம் போதும், முதலில் அந்த இடம் சூடாகும், பிறகுதான் புண் வெடிக்கும் என்று காட்டினார். நடந்துகொண்டே ஆறுவதற்குக் காலோடு ஒட்டிய மாவுக்கட்டுப் போட்டார். கார்வில்லில் 1986ல் வெளியான ஓர் ஆய்வு, பத்துக் கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழை பாதத்தில் படுவது தெரியாதவருக்குப் புண் வரும் ஆபத்து உண்டு என்று சொன்னது. இன்றைக்கு உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளியின் பாதத்தை அந்த இழையால்தான் சோதிக்கிறார்கள். செங்கல்பட்டிலும் வேலூரிலும் தொழுநோயாளியின் கையிலும் காலிலும் கற்ற பாடம், கார்வில் வழியாகச் சுற்றிக்கொண்டு சேலத்துச் சர்க்கரை நோய் கிளினிக்குக்குத் திரும்பி வந்திருக்கிறது. பிராண்ட் 2003ல் காலமானார்.

எங்கள் வேலையும் மாறியிருக்கிறது. 2017ல் இந்திய செவிலியர் மன்றம் தீவிர சிகிச்சைக்கென்று இரண்டு வருஷ நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைக் கொண்டுவந்தது. 2021ல் திருத்திய பி.எஸ்ஸி. பாடத்திட்டத்திலேயே உடல்நலப் பரிசோதனை தனியாக இடம் பிடித்துவிட்டது. "டாக்டர் ஆயிட்டியா" என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் நுரையீரல் சத்தத்தைப் பிரித்துப் பிரித்துச் சொல்கிறார்கள், இதய முணுமுணுப்பைக் கண்டுபிடிக்கிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் காலைப் பார் என்றால் பெட்ஷீட்டின் நுனியைத் தூக்கிவிட்டு மூடிவிடுவார்கள். சாக்ஸைக் கழற்றுவது என்ன கௌரவக் குறைச்சலோ தெரியவில்லை. 2023ல் வந்த தேசிய ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்றது. இருபது கோடிக் கால் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தொழுநோயும் போய்விடவில்லை. 2005ல் தேசிய அளவில் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று அறிவித்தார்கள், அது பெரிய சாதனை. அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஒரு லட்சம் அளவில் புது நோயாளிகள் நம் நாட்டில் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். படையைப் பார்த்தால் தேமல் என்று களிம்பு கொடுத்து அனுப்புகிற கை இன்றும் இருக்கிறது.

பாதம் பார்க்க நான் சொல்லிக்கொடுப்பது இப்படி. முதலில் இழையை நோயாளியின் உள்ளங்கையில் தொட்டுக் காட்டு, பயம் போகும். கண்ணை மூடச் சொல். பெருவிரல் நுனி, விரல்களுக்குக் கீழே மேடான இடங்கள், ஒவ்வொன்றிலும் இழை வளைகிற வரை ஒரு நொடி அழுத்து. தடித்த காய்ப்பின் மேல் வைக்காதே. "தெரியுதா, தெரியுதா" என்று ஒவ்வொரு தடவையும் கேட்காதே. நம் ஜனங்கள் மரியாதைக்காரர்கள், நர்ஸம்மா மனம் நோகக்கூடாது என்று தெரியுதுங்க, தெரியுதுங்க என்று சொல்லிவிடுவார்கள். "தொட்டதும் நீங்களா சொல்லுங்க, எந்தக் கால்னும் சொல்லுங்க" என்று கேள். நடுநடுவே தொடாமலே இரு, அப்போதும் சொல்கிறாரா என்று பார். பிறகு புறங்கையால் இரண்டு பாதத்தையும் தடவு, எங்கே மட்டும் சூடாக இருக்கிறது? விரலிடுக்கைப் பிரித்துப் பார். செருப்பைக் கையில் எடுத்து உள்ளே விரல் விட்டுத் தடவு, ஆணி இருக்கும், கல் இருக்கும். இதையும் சேர்த்துத்தான் பரிசோதனை. இவ்வளவும் பார்த்துவிட்டு, கடைசியில் வலி இல்லை என்று எழுத வேண்டுமானால் எழுது, ஆனால் அதற்குப் பக்கத்தில் உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று எழுதாமல் பேனாவை மூடாதே.

போன வருஷம் ஒரு மாணவி போன் செய்தாள். கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வேலை. ஊசி போட வந்த ஒரு தறிக்காரர் பேசிக்கொண்டே இருந்தாராம், கால் கட்டை விரலில் ரத்தம் கசிந்த கட்டோடு. "மேடம், அவர் சிரிச்சுப் பேசிட்டே இருந்தாரு, எனக்கு பக்குனு ஆயிருச்சு" என்றாள். கட்டைப் பிரித்து, இழை வைத்துப் பார்த்து, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறாள். விரல் தப்பியதாம். நான் அவளிடம் லாரி டிரைவர் கதையைச் சொன்னதே இல்லை. எந்த பேட்சுக்கும் சொன்னதில்லை. இந்த மலரில்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

நண்பர்களே, நம் பேட்சில் பாதிப் பேருக்கு இப்போது சர்க்கரை இருக்கும், எனக்கும் பதினோரு வருஷமாக இருக்கிறது. சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாடு முடிந்து பாட்டுக் கச்சேரி ஆரம்பிக்கும் வரை, பழைய பிராக்டிகல் ஹாலில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கைப்பையில் இழை இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.